வல்வெட்டித்துறைக் கப்பற்கம்மியர்: வாழ்வும் மறைவும் – 'அன்னபூரணி' பாய்க்கப்பலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழர் கடல் வரலாறு பெரிதும் அரசர், வணிகர், கப்பலுடையோர் ஆகியோரை மையமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. கப்பலைக் கட்டிய கம்மியர் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நிற்கின்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டளவில் கட்டப்பெற்று, 1938இல் அமெரிக்காவின் குளோசெசுட்டர் துறைமுகத்தை அடைந்த 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலைச் சான்றாகக் கொண்டு, கப்பற்கம்மியரின் தொழிலறிவு எங்கே உறைந்திருந்தது, எவ்வாறு அடுத்த தலைமுறைக்குக் கைமாறியது, எதனால் அறுந்தது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. கம்மியர் ஒருவரின் இறப்பு மட்டும் தொழிலறிவை அழிப்பதில்லை என்பதும், பயிலும் மாணவர் இல்லாத காலத்தில் நேரும் இறப்பே அதனை அழிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: கப்பற்கம்மியர், ஓடாவி, மேத்திரியார், ஏரா, அன்னபூரணி, வல்வெட்டித்துறை, கப்பல் சாத்திரம்

முன்னுரை

ஒரு கோயிலைக் கட்டிய சிற்பியின் பெயர் மறைந்தாலும் கோயில் நின்று அவன் திறனைக் காட்டும். மரக்கலத்திற்கு அவ்வாய்ப்பு இல்லை. கடல்நீரும் கப்பற்புழுவும் புயலும் மரத்தை நெடுங்காலம் விட்டுவைப்பதில்லை. பழுதுற்ற கலம் உடைக்கப்பட்டு விறகாகவோ வீட்டு உத்தரமாகவோ மாறிவிடும். ஆகவே கப்பற்கம்மியரின் வாழ்வை ஆராய்வோர் கல்வெட்டையும் கட்டடத்தையும் நம்பியிருக்க இயலாது. தொழிற்சொற்கள், சுவடிகள், களஆய்வுகள், எஞ்சிய கலங்களைப் பற்றிய பதிவுகள் ஆகிய நான்கையும் இணைத்துப் பார்ப்பதே வழியாகும்.

வல்வெட்டித்துறை இவ்வாய்வுக்கு ஏற்ற களம். பாக்குநீரிணையை நோக்கியிருக்கும் இச்சிறு துறை, தமிழகக் கரையோடும் வங்கக் கடலின் பிற துறைகளோடும் பாய்க்கப்பல் வழியாகத் தொடர்பு கொண்டிருந்தது. பர்மாவின் அரிசி, யாழ்ப்பாணத்துப் புகையிலை, பனைமரம் முதலியன இத்தகைய கலங்களில் சென்றுவந்த சரக்குகளுள் அடங்கும். 19ஆம் நூற்றாண்டில் இவ்வூரின் சிவன் கோயிலை எழுப்பிய திருமேனியார் வெங்கடாசலம் பிள்ளை ஒரு கப்பலுடையவர். கடல் வணிகத்தில் ஈட்டிய செல்வம் அவ்வாறு கல்லில் நிலைபெற்றது. அச்செல்வத்தை ஈட்டித் தந்த கலங்களைக் கட்டிய கைகள் மரத்தோடு மறைந்தன.

1. கம்மியரைக் குறித்த பெயர்கள்

கப்பல் கட்டுவோரைக் குறிக்கத் தமிழில் வெவ்வேறு காலங்களில் வழங்கிய சொற்கள் அவர்தம் நிலையை உணர்த்துகின்றன. மணிமேகலையின் 25ஆம் காதையாகிய 'ஆபுத்திரனோடு மணிபல்லவம் அடைந்த காதை'யில் சாவக நாட்டு மன்னன் கடற்பயணம் மேற்கொள்ளக் கருதியபோது 'கலஞ்செய் கம்மியர்' அழைக்கப்படுகின்றனர். கலம் செய்தலைத் தனித் தொழிலாகக் கொண்ட ஒரு குழுவினர் இருந்தமையையும், அரசன் வேண்டியபோது அவர்களை அழைக்கும் நடைமுறை இலக்கியத்தில் இயல்பாகச் சுட்டப்பெற்றமையையும் இத்தொடர் உணர்த்துகிறது.

பிற்கால வழக்கில் 'ஓடாவி' என்னும் சொல் படகும் கப்பலும் கட்டும் தச்சரைக் குறித்தது. தமிழகக் கடற்கரையில் இன்றும் வழங்கும் இச்சொல், இலங்கையின் கிழக்குக் கரையில் 'ஓடாவியார்' என்ற வடிவில் பொதுவாகத் தச்சரையே குறிக்கிறது. கலம் கட்டும் தச்சரைச் சுட்டிய சொல் தச்சர் அனைவர்க்கும் உரியதாக விரிந்தமை, அக்கரையில் தச்சுத் தொழிலின் முதன்மைப் பணி எதுவாக இருந்தது என்பதற்கு மொழிவழிச் சான்றாகும்.

வல்வெட்டித்துறையில் கப்பல் கட்டும் தலைமைத் தச்சரைச் சுட்டிய சொல் 'மேத்திரியார்'. போர்த்துக்கேய மொழியில் தலைவரை, ஆசானை உணர்த்தும் சொல்லிலிருந்து வந்த 'மேத்திரி', தமிழில் மரியாதை விகுதி பெற்று இவ்வடிவை அடைந்தது. தமிழகத்தில் கட்டடப் பணியிலும் ஆலைகளிலும் 'மேஸ்திரி' எனப்படுவோர் வேலைவாங்கும் மேற்பார்வையாளராவர். கப்பற்களத்தின் மேத்திரியார் அத்தகையவர் மட்டும் அல்லர். கலத்தின் வடிவை மனத்தில் வகுப்பவர், மரத்தைத் தெரிவு செய்பவர், அளவு சொல்பவர், இளந்தச்சர்க்கு ஆசான் ஆகிய நான்கு நிலைகளும் அவர் ஒருவரிடமே குவிந்திருந்தன.

2. தொழிலறிவின் இருப்பிடம்: ஏடும் கையும்

தமிழில் கப்பற்கட்டுமானம் பற்றிய எழுத்துச் சான்று அறவே இல்லை எனக் கூறுவதற்கில்லை. 'கப்பல் சாத்திரம்' என்னும் நூல் சுவடியிலிருந்து சென்னையில் 1950இல் பதிப்பிக்கப்பெற்றது. 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாக அது கருதப்படுகிறது. 'நாவாய் சாத்திரம்' என்னும் நூலும் உண்டு. இவை கலத்தின் அளவுகளையும் மரத்தின் இயல்புகளையும் கூறுவதோடு, ஏரா மரத்தில் காணப்படும் கணு, துளை முதலியவற்றால் கப்பலுக்கும் உடையவர்க்கும் விளையும் நன்மை தீமைகளையும் கணிக்கின்றன. இக்காலத்தார் இவற்றில் சோதிடத்தையும் தொழில்நுட்பத்தையும் பிரித்துக் காண முனைவர். ஆயின் ஏராவில் கணு இருத்தல் தீது என்பது சோதிட மொழியில் சொல்லப்பட்டாலும், பெரும் பாரத்தைத் தாங்கவேண்டிய மரத்தில் குறை இருத்தல் ஆகாது என்னும் தச்சர் பட்டறிவும் அதனுள் அடங்கியுள்ளது.

ஏடு இவ்வளவே சொல்லும். ஒரு தச்சன் இச்சாத்திரத்தை மட்டும் கற்றுக் கப்பல் கட்டிவிட இயலாது. கலத்தின் வளைவு எவ்வாறு அமைய வேண்டும், பலகை எவ்விடத்தில் எவ்வளவு வளையும், எந்த மரம் எத்துணைக் காலம் உலர வேண்டும் என்பனவெல்லாம் கையறிவைச் சார்ந்தவை.

கட்டுமானத்தின் படிகளை நோக்கின் இது தெளிவாகும். முதலில் கரையில் கட்டைகளின் மேல் ஏரா கிடத்தப்படும். ஏராவே கலத்தின் முதுகெலும்பு. பிற அளவுகள் அதன் நீளத்தைப் பற்றியே வகுக்கப்படுவன. அதன் முன்தலையில் அணியத்தின் மரமும், பின்தலையில் அமரத்தின் மரமும் நிறுத்தப்படும். பின்னர் விலா எலும்புகளைப் போன்ற வங்குகள் ஏராவின்மேல் இருபுறமும் ஒத்த வடிவில் பொருத்தப்படும். வங்குகளுக்கு இயற்கையிலேயே வளைந்த கிளைகளும் கவர்களும் தேடப்பட்டன. நேர்மரத்தை அறுத்து வளைவு ஆக்கினால் நாரோட்டம் அறுந்து வலு குறையும். உள்ளூரில் கிடைத்த வேம்பும் இலுப்பையும் இதற்குப் பெரிதும் உதவின. வங்குகளின்மேல் பலகைகள் அறையப்பட்டு, பலகைகளின் இடைவெளியில் பருத்தி முதலிய நார்ப்பொருள் அடைக்கப்பட்டு, குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த கலவையால் கலப்பற்றுச் செய்யப்படும். இறுதியில் பாய்மரம், பருமல், சுக்கான் என்பன அமையும்.

இப்படிகளுள் மிக நுட்பமானது வங்குகளின் வடிவை வகுத்தலாகும். ஒவ்வொரு வங்கும் தன் பக்கத்து வங்கினின்று சிறிதே வேறுபடும். அவ்வேறுபாடு ஓர் ஒழுங்கில் அமையாவிடின் பலகை சீராகப் படியாது. ஐரோப்பியக் கப்பற்றளங்களில் இதற்கு வரைபடம் உண்டு. தமிழகக் கம்மியர் காகிதத்தில் வரைபடம் இன்றியே இதனைச் செய்தனர். அதிராம்பட்டினப் பகுதியின் வத்தைகளை 1990களில் ஆராய்ந்த லூசி புளூ, எரிக் கென்ட்லி, ஷான் மெக்ரெய்ல் முதலியோர், அங்குள்ள தச்சர் வங்குகளின் முழுவளவு வடிவங்களைப் பலகையில் கீறி, விகித முறையில் ஒன்றிலிருந்து ஒன்றைப் பெறுவதைப் பதிவு செய்தனர். மத்தியதரைக் கடற்பகுதியின் இடைக்காலக் கப்பற்கட்டுமானத்தில் வழங்கிய வடிவமைப்பு முறைகளோடு இதனை அவர்கள் ஒப்பிட்டனர்.

ஆகவே 'எழுதப்படாத அறிவு' என்பதை ஒழுங்கற்ற அறிவு எனக் கொள்ளுதல் தவறு. அது கணக்கும் விதியும் உடையது. அதன் இருப்பிடம் மட்டுமே வேறு: கீறிய பலகையிலும், மேத்திரியாரின் நினைவிலும், அவர் அருகில் நின்ற மாணவனின் கையிலும் அது இருந்தது. பணி முடிந்தபின் பலகை இழைக்கப்படலாம் அல்லது வேறு பணிக்குப் பயன்படலாம். எஞ்சுவன நினைவும் கையுமே.

3. அன்னபூரணி: ஒரு கம்மியரின் சான்று

இத்தொழிலறிவின் தரத்தை வெளியுலகம் அறிய வாய்ப்பளித்த கலம் 'அன்னபூரணி'. 'அன்னபூரணி அம்மாள்' எனவும் வழங்கிய இக்கப்பல் 89 அடி நீளமும் 19 அடி அகலமும் உடையது. இரண்டு பாய்மரங்களைக் கொண்டது. இதனைக் கட்டிய தலைமைக் கம்மியராக ஊர் வழக்குச் சுந்தரம் மேத்திரியாரைச் சுட்டுகிறது.

இக்கப்பலை விலைக்கு வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர். அவர் பாய்க்கப்பல் பற்றி அறியாத செல்வர் அல்லர். 32 அடி நீளமே உடைய 'ஸ்வாப்' என்னும் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்து, அப்பயணத்தை நூலாக எழுதியவர். பின்னர் மசாசூசெட்சு மாநிலத்தின் இப்சுவிச்சில் கப்பற்றளம் நடத்தியவர். அத்தகைய ஒருவர் அத்திலாந்திக் பெருங்கடலைக் கடக்கத் தக்கது என நம்பி இக்கலத்தைத் தெரிவு செய்தமை, மேத்திரியாரின் திறனுக்குத் துறையறிந்தவர் அளித்த சான்றாகும்.

ராபின்சனின் மனைவி பெயரால் 'புளோரன்சு சி. ராபின்சன்' எனப் பெயர் மாற்றம் பெற்ற கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் சூயெசுக் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் கடந்து, அத்திலாந்திக்கைத் தாண்டி 1938 ஆகஸ்டில் குளோசெசுட்டரை அடைந்தது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் உடன்சென்ற மாலுமிகளும் அமெரிக்க நாளிதழ்களில் இடம்பெற்றனர்.

இந்நிகழ்வு தமிழர் கடலோடும் திறனுக்குச் சான்றாகப் பலராலும் எடுத்தாளப்படுகிறது. அது சரியே. ஆயினும் இதனுள் மற்றொரு திறனும் உண்டு. அன்னபூரணி வங்கக் கடலின் சரக்கு வணிகத்திற்கெனக் கட்டப்பட்டது. கட்டியவர் தம் கலம் அத்திலாந்திக்கைக் கடக்கும் எனத் திட்டமிட்டிருக்க இயலாது. அறிந்த கடலுக்கெனச் செய்த கலம் அறியாத கடலையும் தாங்கியது. குறிப்பிட்ட பயணத்திற்கான தேவையைக் கடந்த உறுதி, வழக்கமான கட்டுமானத்திலேயே இயல்பாக அடங்கியிருந்தமையை இது காட்டுகிறது. கரையைவிட்டு நீங்கிய கலத்தின் ஒவ்வொரு அலையிலும் கம்மியரின் கணக்கே சோதிக்கப்படுகிறது. அச்சோதனை நிகழும்போது அவர் அங்கு இருப்பதில்லை. கப்பலின் பெயர் மாறியது, உடையவர் மாறினார், கடல் மாறியது. ஏராவும் வங்குகளும் மட்டுமே மாறாதிருந்தன.

4. தொழிலின் மறைவு

வல்வெட்டித்துறைக் கப்பற்கட்டுமானத்தின் மறைவுக்கு நீராவிக் கப்பலின் வருகையை மட்டும் காரணமாகக் கூறுவது போதாது. நீராவிக் கப்பல்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இக்கடலில் பெருகின. அதற்கு நெடுங்காலம் பின்னரே அன்னபூரணி கட்டப்பட்டது. பெருங்கப்பல் அணுக இயலாத ஆழமற்ற துறைகளுக்குச் சிறு சரக்கைக் குறைந்த செலவில் கொண்டுசெல்லும் பணியில் பாய்க்கப்பல் தன் இடத்தைத் தக்கவைத்திருந்தது.

அவ்விடத்தைப் பறித்தவை பின்வந்த மாற்றங்கள். 1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியமையால் அரிசி வணிகத்தின் ஒரு பெரும் வழி அடைபட்டது. இலங்கையும் இந்தியாவும் தனித்தனி நாடுகளாக விடுதலை பெற்றபின் குடிவரவு, சுங்கம், இறக்குமதி உரிமம் ஆகிய கட்டுப்பாடுகள் இறுகின. இருகரைகளையும் ஒரே வணிகவெளியாகக் கொண்டிருந்த தொழிலுக்கு இது பேரிடி. நெடுந்தொலைவுச் சரக்கு இல்லையெனில் பெருங்கலத்திற்குத் தேவை இல்லை. தேவை இல்லையெனில் புதிய ஏரா கிடத்தப்படுவதில்லை.

மீன்பிடிப் படகுகளின் அளவிலேனும் தச்சுத்தொழில் தொடர்ந்திருக்கலாம். அங்கும் மாற்றம் வந்தது. நார்வே நாட்டு உதவியோடு 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணப் பகுதியில் தொடங்கிய சீ-நோர் நிறுவனம் காரைநகரில் கண்ணாடியிழைப் படகுகளைச் செய்தது. அச்சில் வார்க்கும் படகுக்கு வளைந்த கவரைத் தேடும் கண் தேவையில்லை, கலப்பற்றும் தேவையில்லை. மீனவர்க்கு அது இலகுவும் பராமரிப்புச் செலவு குறைவும் உடைய நல்ல படகு. ஆகவே இதனைக் கேடு எனக் கூறுவதற்கில்லை. எனினும் மரக்கலத் தச்சரின் மாணவர் வரிசையை அது சுருக்கியது.

1983இல் மூண்டு 2009 வரை நீடித்த போர் எஞ்சியதையும் துண்டித்தது. வடகடலில் விதிக்கப்பட்ட தடைகள், 1987இன் வடமராட்சிப் படைநடவடிக்கை, மீண்டும் மீண்டும் நிகழ்ந்த இடப்பெயர்வு ஆகியவற்றால் கடற்கரையே மக்களுக்கு எட்டாததாயிற்று. மரம் உலர்த்தவும் ஏரா கிடத்தவும் ஓரிடத்தில் நிலைத்த வாழ்வு வேண்டும். கப்பற்களம் என்பது கரையில் உள்ள ஒரு நிலப்பரப்பு மட்டுமன்று. பல ஆண்டுகளுக்கு முன்னரே திட்டமிட முடியும் என்னும் நம்பிக்கையும் அதன் ஒரு பகுதி.

கம்மியரின் இறப்புக்கு இச்சூழலில் வேறொரு பொருள் உண்டாகிறது. முற்காலத்தில் மேத்திரியார் ஒருவர் இறக்கும்போது அவரிடம் பயின்றோர் களத்தில் இருந்தனர். தொழில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறியது. களம் ஓய்ந்தபின் இறந்த மேத்திரியாருடன் அவரது கணக்கும் இறந்தது. இரண்டும் இயற்கையான இறப்புகளே. பின்னதன் இழப்பு மட்டும் ஈடுசெய்ய இயலாதது.

5. பிற கரைகளின் ஒப்பீடு

இவ்விழப்பின் தன்மையை இரு ஒப்பீடுகள் தெளிவாக்குகின்றன.

முதலாவது பம்பாய். சூரத்திலிருந்து 1736இல் பம்பாய் வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியாவின் வழிவந்தோர் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அங்குத் தலைமைக் கம்மியராக விளங்கினர். அவர்களுள் ஜம்சேத்ஜி போமன்ஜி வாடியா (1754–1821) பிரித்தானியக் கடற்படைக்கெனக் கட்டிய 'டிரிங்கோமலி' என்னும் போர்க்கப்பல் 1817இல் கடலில் இறக்கப்பட்டது. தமிழ்க்கரையின் திருகோணமலையின் பெயர் தாங்கிய அக்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூலில் மிதக்கிறது. அதன் வரைபடங்களை ஏற்றிவந்த 'ஜாவா' என்னும் கப்பல் 1812இல் அமெரிக்கக் கடற்படையால் வீழ்த்தப்பட்டபோது அவையும் அழிந்தன. ஆயினும் இலண்டனிலிருந்து மற்றொரு படி அனுப்பப்பட்டது. பணி தாமதமாயிற்றே அன்றித் தடைபடவில்லை. படி எடுக்கத்தக்க வடிவில் இருக்கும் அறிவை மீண்டும் பெற முடியும். மேத்திரியாரின் நினைவில் இருந்த கணக்கை இரண்டாம் முறை அனுப்புவதற்கு ஓர் இலண்டன் இல்லை. வாடியாக்களின் வாழ்வும் இறப்பும் ஆண்டோடு அறியப்படுவதற்கு அவர்தம் திறன் மட்டும் காரணமன்று; ஊதியமும் பதவியும் பதிவு செய்யும் கும்பினி அலுவலகம் ஒன்று அவர்களைச் சூழ்ந்திருந்தமையும் காரணமாகும்.

இரண்டாவது ஒப்பீடு அன்னபூரணி சென்றடைந்த கரையிலேயே உள்ளது. குளோசெசுட்டருக்கு அண்மையில் உள்ள எசெக்சு என்னும் சிற்றூர் மரக்கலக் கட்டுமானத்தால் புகழ்பெற்றது. குளோசெசுட்டர் மீனவரின் 'ஸ்கூனர்' கலங்களுள் பல அங்கே கட்டப்பட்டவை. அங்கும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெருங்கலக் கட்டுமானம் ஓய்ந்தது. எனவே தொழிலின் அழிவில் வல்வெட்டித்துறையும் எசெக்சும் ஒத்த நிலையினவே. அழிவுக்குப் பின்னர் நிகழ்ந்ததில்தான் வேறுபாடு. நியூ இங்கிலாந்துக் கம்மியர் கலத்தின் ஒரு பாதியை மரத்தில் செதுக்கி, அவ்வரைமாதிரியிலிருந்து அளவெடுத்துக் கட்டும் வழக்கம் உடையவர். அவ்வரைமாதிரிகள் களங்களின் சுவர்களில் எஞ்சின. 1976இல் எசெக்சில் கப்பற்கட்டுமான அருங்காட்சியகம் நிறுவப்பட்டபோது, அவற்றோடு கருவிகளும் நிழற்படங்களும் கம்மியர் நினைவுகளும் திரட்டப்பட்டன.

எழுத்தும் பொருளும் இருந்தாலே பாதுகாப்பு உறுதி எனவும் கொள்ளுதல் இயலாது. 1981 ஜூனில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது மீளப்பெற இயலாத சுவடிகள் அழிந்தன. நினைவில் மட்டும் இருப்பது மனிதரோடு மறைகிறது. ஓரிடத்தில் மட்டும் இருப்பது அவ்விடத்தோடு மறைகிறது. அறிவைக் காப்பது ஒன்றுக்கு மேற்பட்ட இருப்பிடமே.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

கலஞ்செய் கம்மியர், ஓடாவி, மேத்திரியார் என்னும் சொற்கள், தமிழரிடையே கப்பற்கட்டுமானம் தனித் தொழிலாக வெவ்வேறு காலங்களில் நிலவியமைக்குச் சான்றுகளாகும்.

கப்பல் சாத்திரம் முதலிய நூல்கள் அத்தொழிலறிவின் ஒரு பகுதியையே தாங்கியுள்ளன. வங்கு வகுத்தல் முதலிய நுட்பங்கள் கணக்கும் விதியும் உடையனவாயினும் பயிற்சி வழியாகவே கைமாறின.

அன்னபூரணியின் 1938ஆம் ஆண்டுப் பயணம் மாலுமிகளின் திறனோடு கம்மியரின் திறனையும் உலகறியச் செய்த நிகழ்வாகும். அதனைக் கடலோடிகளின் வரலாறாக மட்டும் வாசிப்பது பாதி வாசிப்பே.

போர்க்கால வணிகத் தடை, நாடுகளின் எல்லைக் கட்டுப்பாடு, மாற்றுப் படகுத் தொழில்நுட்பம், உள்நாட்டுப் போர் ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாக வந்து பயிற்சித் தொடரை அறுத்தமையே இத்தொழில் மறைந்தமைக்குக் காரணம்.

தமிழகக் கரையில் தோணி, வள்ளம், வத்தை ஆகியவற்றைக் கட்டவும் பழுதுபார்க்கவும் அறிந்த ஓடாவிகள் இன்றும் உள்ளனர். அவர்கள் வங்கு கீறும் முறையையும், பயன்படுத்தும் சொற்களையும், மரம் தெரியும் வழக்கத்தையும் ஒலிப்பதிவாகவும் அளவுப்படமாகவும் பதிவு செய்தல் தமிழ்த்துறைகளுக்கும் தொல்லியல் துறைகளுக்கும் உரிய கூட்டுப்பணியாகும். ஏரா, வங்கு, அணியம், அமரம், பருமல் என்னும் சொற்களை அகராதியில் காண்போர் இனியும் இருப்பர். அச்சொற்களைக் கையால் அறிந்தோரிடம் கேட்டறியும் காலம் குறுகியது.